வாங்குகிறவன் முகம்

பழைய ரேடியோப் பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதைப் பற்றி முன்பு ஒரு முறை எழுதியபோது இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். ஒருவர், "பாடாத பெட்டிகளை வீட்டில் அடைத்து வைப்பதில் என்ன சுகம் காண்கிறீர்?" என்று கேட்டிருந்தார். மற்றவர், தம் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் பெட்டி ஒன்று கிடப்பதாகவும், அதற்கு நான் என்ன விலை கொடுப்பேன் என்றும் கேட்டிருந்தார். முதல் அன்பருக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். சுகத்தைப் பற்றிப் பேசுவது எளிது. இரண்டாமவருக்கு இன்னும் எழுதவில்லை. அவர் கடிதம் என் மேஜை மேல்தான் இருக்கிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம், சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த முகத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ரேடியோ என்றதும் நம்மில் வயதானவர்களுக்கு நினைவு வருவது, கூடத்தில் உயரமான பலகையின் மேல், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி, பூவேலை செய்த துணி போர்த்தி உட்கார்ந்திருந்த பெட்டிதான். அது வீட்டு எஜமானரைப் போல. இடத்தை விட்டு நகராது. நான் தேடிப் பிடிப்பவை வேறு ஜாதி. கைப்பிடி வைத்து, மூடி போட்டு, சின்னத் தோல்பெட்டி போலத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் படகிலும் போவதற்கென்று செய்தவை. ஆனால் டிரான்ஸிஸ்டர் வருவதற்கு முந்தியவை. உள்ளே இருப்பவை கண்ணாடி வால்வுகள். ஆகவே, "தூக்கிக்கொண்டு" என்று நான் சொல்வதை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டரியோடு சேர்ந்தால் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். ஒரு கையில் இதைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்தால், மறு நாள் அந்தக் கைக்குத் தைலம் தேய்க்க வேண்டும்.

இந்த ஜாதியிலே பேர்போனது அமெரிக்காவின் ஸெனித் கம்பெனி செய்த 'டிரான்ஸ் ஓஷியானிக்'. அந்தக் கம்பெனியின் தலைவர் மக்டொனால்ட் என்பவர், கமாண்டர் என்றே எல்லோரும் அழைப்பார்கள், படகுப் பயணத்தில் மோகம் உள்ளவர். தம்முடைய படகில் போகும்போது செய்தி சரியாகக் கேட்கவில்லை என்று அவருக்குக் குறை. கையோடு கொண்டுபோகக்கூடிய, உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் சிற்றலையையும் பிடிக்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும் என்று தம் ஆட்களை விரட்டினார். ராபர்ட் பட்லாங் என்ற கலைஞர் உருவம் வகுத்தார். 1942-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெட்டி வெளிவந்தது. விலை 75 டாலர். ஏப்ரல் மாதம் யுத்தத்துக்காக அந்த நாட்டில் பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டது. கொஞ்ச காலத்துக்குள் விற்ற அந்தப் பெட்டிகளில் பல, சிப்பாய்களோடு கப்பலேறிப் போயின. யுத்தம் முடிந்த பிறகு மறுபடி செய்யத் தொடங்கி, வால்வு வைத்த கடைசிப் பெட்டியை 1962-இல் நிறுத்தினார்கள்.

நான் சொல்லப்போகும் பெட்டி 1951-இல் வந்த மாதிரி. கறுப்பு உறை, முகப்பில் பொன் நிறத் தகடு. மூடியைத் திறந்தால் ஏழு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் உள்ளூர் மத்திய அலை. மற்றவற்றை ஒவ்வொன்றாக அழுத்தினால் கடல் கடந்த ஊர்கள். ரயிலின் இரும்புக் கூண்டுக்குள் அலை வராது என்று, கழற்றி எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைக்கும்படி ஓர் ஆன்டெனாவும், அதற்கு ரப்பர்க் குமிழ்களும் கொடுத்திருப்பார்கள். இந்தக் குமிழ்கள் மட்டும் எந்தப் பெட்டியிலும் நல்லபடியாகக் கிடைப்பதில்லை.

வால்வுகள் ஐந்து. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றின் இழைக்கும் ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம். ஒலி கொடுக்கும் கடைசி வால்வுக்கு மட்டும் இரட்டிப்பு. எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்திருப்பார்கள், நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் கட்டும் சீரியல் விளக்கைப் போல. ஒன்று போய்விட்டால் எல்லாமே ஊமை. இந்த ஐந்தில் நாலு வால்வுகள் எங்கும் கிடைக்கும். ஐந்தாவதுக்கு 1எல்6 என்று பெயர். அது இந்தப் பெட்டியையும் இதன் தம்பிகளையும் விட்டால் வேறு சில சிற்றலைப் பெட்டிகளில்தான் உண்டு. செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. சேகரிப்பவர்களிடம் அந்த ஒரு வால்வு நாற்பது, ஐம்பது டாலருக்குப் போகும். பெட்டி செத்துக் கிடந்தாலும், அதற்குள் 1எல்6 உயிரோடு இருந்தால் அது செத்த பெட்டி அல்ல. இந்த விஷயம் எங்கள் கூட்டத்துக்குத் தெரியும். வெளியாருக்குத் தெரியாது.

என் முதற் பெட்டியை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். 1978 என்று ஞாபகம். சென்டிரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் எரிந்துபோயிற்று. அதற்குள் அலைந்து பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். அங்கே வாங்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டிய காரியம், தனக்கு வேண்டிய பொருளைப் பார்க்காமல் இருப்பது. நான் அப்போது சின்னவன். கடையில் நுழைந்ததும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு சாமர்த்தியமாக ஒரு பழைய டைம்பீஸை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரர், தாடி நரைத்த பெரியவர், சிரித்துவிட்டார்.

"சார், டைம்பீஸைக் கீழே வையுங்க. உங்க கண்ணு அந்த ரேடியோ மேலே போய் ஒக்காந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. இனிமே நீங்க என்ன பேரம் பேசினாலும் எடுபடாது."

முந்நூறு ரூபாய் சொன்னார். இருநூற்று எழுபதுக்குமேல் இறங்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, போகும்போது புத்தியும் சொன்னார்: "அடுத்த தடவை வரும்போது மூஞ்சியை வீட்டிலே வச்சிட்டு வாங்க."

அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. அவரிடமே நாலைந்து வருஷம் பழகித் தேர்ந்துவிட்டேன். உதட்டைச் சற்றுப் பிதுக்கிக்கொள்வது, பின்மூடியைத் திறந்து பார்த்து ஒரு பெருமூச்சு, "பாடாது போலிருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, இரண்டடி எடுத்து வைத்துவிட்டு ஏதோ இரக்கப்பட்டவன் போலத் திரும்புவது. அவரும் பதிலுக்கு வித்தை காட்டுவார். பொருளின் விலை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். அதில் பாவம் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை, இன்றும் நினைக்கவில்லை. கோதாவில் இறங்கிய இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மண்ணைக் கவ்வ வைப்பதில் என்ன பாவம்?

2014-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நானும் என் மனைவியும் சிகாகோவை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் பெண் வீட்டில் இருந்தோம். ஸெனித் கம்பெனி பிறந்து வளர்ந்த ஊர் சிகாகோ என்பதால், பெண்ணைப் பார்க்கப் போனதில் எனக்கு உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், அவர் புழங்கிய சாமான்களையெல்லாம் விலைச் சீட்டு ஒட்டிக் கார் நிறுத்தும் கொட்டகையில் பரப்பிவைத்து, சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தாருக்கு விற்றுவிடுவார்கள். சட்டை, தட்டு, கைத்தடி எல்லாம் இருக்கும். நமக்கு மனம் கூசும். ஆனால் கூசிக்கொண்டே நான் நாலு வீடு போய்வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது வீட்டில் அது இருந்தது. ஒரு சுத்தியல் பெட்டிக்கும் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்கும் நடுவில், தூசி படிந்து. நான் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தேன், பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. முதலில் தட்டுகளைப் பார்த்தேன். பிறகு ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் ரேடியோவின் பின்மூடியைத் திறந்தேன். ஐந்து வால்வுகளும் இருந்தன. ஒன்றின் தலையில், அழிந்தும் அழியாமலும், 1எல்6 என்ற எழுத்து.

விற்றுக்கொண்டிருந்தவள் காலமானவரின் மகள். அறுபத்தைந்து வயது இருக்கும். மடக்கு நாற்காலியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது அப்பாவுடையது. வேலை செய்யாது. பதினைந்து டாலர்" என்றாள்.

என் உதடு தானாகவே பிதுங்கிக்கொண்டது. முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம். "வேலை செய்யாதா?" என்று, அப்போதுதான் தெரிந்துகொண்டவன் போலக் கேட்டேன். பெருமூச்சு விட்டேன். "பன்னிரண்டுக்குத் தருவீர்களா?" என்றேன்.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேருகிற வரையில் எனக்கு ஆனந்தம்தான். பெட்டியை மேஜை மேல் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். வால்வின் விலையைச் சொன்னேன். மூர் மார்க்கெட்டுப் பெரியவர் இருந்தால் என்னைத் தட்டிக்கொடுத்திருப்பார் என்றும் சொன்னேன். மாப்பிள்ளை ரசித்துக் கேட்டார். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி. அம்பது டாலர் சாமான்னு தெரிஞ்சும் பதினஞ்சுக்கு வாங்கியிருந்தா அது ஒண்ணு. அந்தப் பதினஞ்சையும் பன்னெண்டாக் குறைச்சீங்களே, அது எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பேரம் பேசாம எப்படி?" என்று ஏதோ சொன்னேன்.

மாப்பிள்ளை என் கட்சியில் சேர்ந்துகொண்டார். "மாமா, இதிலே தப்பே இல்லை. நீங்க முப்பது வருஷம் பாடுபட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம் இது. அந்த அறிவுக்கு ஒரு விலை உண்டு. டாக்டர் சும்மாவா மருந்து எழுதித் தர்றார்? இந்த அம்மாவும் கம்ப்யூட்டர்லே ரெண்டு நிமிஷம் தேடியிருந்தா விலை தெரிஞ்சிருக்கும். தேடலை. அது யார் தப்பு?"

அன்று இரவு இந்த வாதம் எனக்கு இதமாக இருந்தது. விடியற்காலையில் விழிப்புக் கொடுத்தபோது அதில் ஓட்டை தெரிந்தது. டாக்டர் தம் அறிவுக்குப் பணம் வாங்குகிறார், உண்மைதான். ஆனால் அந்த அறிவை என் பக்கத்தில் நின்று எனக்காக உபயோகிக்கிறார். நான் என் அறிவை அந்த அம்மாளுக்கு எதிராக உபயோகித்தேன். அவள் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன் என்று ஒரு சமாதானம் தோன்றியது. அவள் கேட்கத் தோன்றாதபடி அல்லவா முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்?

இன்னொரு சமாதானமும் உண்டு. அது எங்கள் கூட்டத்தின் வேதம். "நாங்கள் இல்லாவிட்டால் இவையெல்லாம் குப்பை வண்டிக்குத்தான் போகும். நாங்கள் காப்பாற்றுகிறோம்." அதுவும் பொய் அல்ல. ஆனால் ஒரு ரேடியோவைக் குப்பையிலிருந்து காப்பாற்றுவதற்கு அந்த மூன்று டாலர் எப்படி உதவிற்று? மனைவியின் கேள்வியிலேயே வந்து நின்றேன்.

இதை ஒரு பைத்தியக்கார வேதனை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது பழைய வழக்கு. ரோமாபுரியில் ஸிஸரோ தம் மகனுக்காகக் கி.மு. 44-இல் எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் இது வருகிறது. பஞ்சம் வந்த ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா? டையோஜனீஸ் என்ற ஞானி, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய சீடர் ஆண்டிபேட்டர், மனித குலத்துக்கு உழைக்கப் பிறந்தவன் இப்படிப் பேசலாமா என்கிறார். ஸிஸரோ சீடர் பக்கம் சாய்கிறார். தன் லாபத்துக்காக, பிறர் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரியாமல் வைத்திருப்பவன் மறைக்கிறான் என்பது அவர் தீர்ப்பு.

இது விற்பவன் கதை. வாங்குபவன் கதையும் அதே நூலில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஸ்கேவோலா என்ற ஒரு பெரிய மனிதர் ஒரு நிலம் வாங்கப் போனார். ஒரே விலையாகச் சொல்லும்படி கேட்டார். சொந்தக்காரன் சொன்னான். ஸ்கேவோலா, "என் மதிப்பில் இது அதற்கு மேல் பெறும்" என்று சொல்லி, லட்சம் நாணயம் அதிகமாகக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் செய்தது நல்லவன் காரியம் என்பதை அந்த நாளில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கெட்டிக்காரன் காரியம் என்பதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஸிஸரோ எழுதுகிறார். இரண்டாயிரம் வருஷமாகியும் இதில் நாம் ஓர் அங்குலம் நகர்ந்ததாகத் தெரியவில்லை. என் மாப்பிள்ளை அன்றைய ரோமாபுரியில் தாராளமாகக் குடியிருந்திருக்கலாம். நம் பட்டினப்பாலைப் புலவரும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, விற்பதில் நேர்மையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வாங்குவதிலும் அவர்கள் அளவு மீறாதவர்கள் என்று சொல்லியிருப்பதைப் பாடமாகப் படித்தவன்தான் நான். படிக்கிற காலத்தில் அது விற்பவனுக்குச் சொன்ன புத்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது ரோமாபுரி, பூம்புகார் நியாயம். நான் வாங்கியதோ அமெரிக்காவில். அந்த நாட்டு நியாயம் என்ன என்று பார்த்தேன். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1815 பிப்ரவரி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் பிரிட்டிஷ் கப்பல்கள் முற்றுகையிட்டிருந்ததால் புகையிலை விலை படுத்துக் கிடந்தது. சமாதான ஒப்பந்தம் ஆகிவிட்டது என்ற செய்தி ஆர்கன் என்ற வியாபாரிக்கு முந்திக் கிடைத்தது. லெயிட்லா கம்பெனியிடம் போய் நூற்றுப் பதினொரு பீப்பாய் புகையிலைக்குப் பேரம் முடித்தார். "விலை ஏறும்படி ஏதாவது செய்தி உண்டா?" என்று விற்பவர் தரப்பில் கேட்டார்கள். ஆர்கன் வாயைத் திறக்கவில்லை. செய்தி பரவியதும் விலை முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் ஏறிற்று. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1817-இல் பிரதம நீதிபதி மார்ஷல் தீர்ப்புச் சொன்னார்: வாங்குபவர் தமக்குத் தெரிந்த செய்தியைச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் தீர்ப்பில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது. மற்றவரை மோசம் போகச் செய்யும்படியான எதையும் இரண்டு தரப்பாரும் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது. அப்படி ஏதாவது நடந்ததா என்பதை ஜூரிகள்தாம் தீர்மானிக்க வேண்டும் என்கிறார் மார்ஷல். உதட்டைப் பிதுக்குவது 'செய்வது' ஆகுமா? "வேலை செய்யாதா?" என்று தெரியாதவன் போலக் கேட்டது 'சொல்வது' ஆகுமா? என் வழக்கில் ஜூரி, காய் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்லியாயிற்று.

இதற்கிடையில் பெட்டியைப் பழுது பார்க்கத் தொடங்கினேன். கை வேலையில் இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். இந்தக் காலத்துப் பெட்டிகளில் செலினியம் தகடு ஒன்று இருக்கும். வீட்டு மின்சாரத்தை ஒரே திசை மின்சாரமாக மாற்றுவதற்கு. வயதாகிவிட்டால் அது கெட்டுப் புகைந்து, சகிக்க முடியாத நாற்றம் கொடுக்கும். அதை எடுத்துவிட்டு நகக்கண் அளவு ஸிலிக்கன் டயோடு போடலாம். ஆனால் புதுசு பழசைவிடத் தாராளம். வோல்ட்டேஜைக் கூட்டிக் கொடுத்துவிடும். அந்த மெல்லிய இழைகள் அதைத் தாங்காது. கூடவே ஒரு ரெஸிஸ்டர் போட்டுக் கையை இறுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதை மறந்து, அரிய வால்வை ஒரு கணத்தில் பொசுக்கியிருக்கிறார்கள். மெழுகுக் காகிதக் கண்டென்ஸர்களை எல்லாம் மாற்றினேன். எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மாலை மெதுவாக மின்சாரம் கொடுத்தேன். இந்த வால்வுகள் ஒளி விடுவது கண்ணுக்குத் தெரியாது. காது கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் ஓர் இரைச்சல். பிறகு சிகாகோ நிலையம் ஒன்றில் யாரோ சீதோஷ்ண நிலை சொன்னார்கள்.

பெட்டியோடு ஒரு சின்னக் குறிப்பேடும் வந்திருந்தது. எந்த நிலையம், எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொள்வதற்காகக் கம்பெனியார் கொடுத்தது. அதை அப்போதுதான் பிரித்தேன். பென்சிலில் பொடி எழுத்து. 1952, 53. லண்டன், ஹில்வர்சம், கீட்டோ, மெல்போர்ன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி, கேட்ட தெளிவு. பல குறிப்புகள் இரவு இரண்டு மணி, மூன்று மணி. சில பக்கங்களில் குழந்தைக் கிறுக்கல். சிவப்புப் பென்சிலால் வட்டம் வட்டமாக.

அடுத்த சனிக்கிழமை என் பெண்ணைக் காரை எடுக்கச் சொன்னேன். ஓர் உறையில் எண்பது டாலர் வைத்துக்கொண்டேன். ஏன் எண்பது என்று கேட்டால் சரியான கணக்கு இல்லை. பழுதான நிலையில் அந்த மாதிரிப் பெட்டி எங்கள் கூட்டத்தில் என்ன பெறுமோ அதிலிருந்து என் பன்னிரண்டைக் கழித்து, உருட்டிப் போட்டது. கண்காட்சிகளில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து விற்கிற வியாபாரியாக இருந்தால் பாதிதான் கொடுத்திருப்பான், அதையும் யோசித்தேன். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். என்னை ஞாபகம் இருந்தது. கொட்டகை காலியாக இருந்தது. பெட்டியின் விலை எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தே சொல்லாமல் வாங்கினேன் என்றும், இது மீதிப் பணம் என்றும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். அவள் மறுப்பாள், நான் வற்புறுத்துவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. உறையை வாங்கினாள், எண்ணிப் பார்த்தாள், "நன்றி, உங்களுக்கு நல்ல மனசு" என்றாள். குறிப்பேட்டைக் கொடுத்தேன். புரட்டினாள். சிவப்பு வட்டங்கள் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இது பெட்டியோடு இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் வணக்கம் சொல்லிப் படி இறங்கினேன். என் மனம் லேசாகிவிட்டிருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள். திரும்பினேன். அவள் முகம் மாறியிருந்தது.

"அன்றைக்கு ஒருவர் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனார். அது என் பாட்டியுடையது. இருபது டாலர் சொன்னேன். அவரும் குறைத்துத்தான் கேட்டார். நீங்களும் அதன் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். அது என்ன விலை பெறும்?"

"எனக்குக் கடிகாரம் தெரியாது, அம்மா" என்றேன்.

"தச்சுச் சாமான்களை ஒரு இளைஞன் மொத்தமாக எடுத்துக்கொண்டான். ஒரு டப்பா நிறையப் பழைய நாணயம் இருந்தது..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது அவள் முகத்தில் நான் கண்டது அலுப்பு, அவ்வளவுதான். அப்பாவின் சாமான்கள் தேவைப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தன என்ற நிம்மதியும் இருந்திருக்கும். இப்போது வந்தவர் ஒவ்வொருவரின் முகத்தையும் அவள் திரும்பக் கூட்டி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு என் பெண், "ஏம்பா, தபாலில் பணத்தை மட்டும் அனுப்பியிருக்கலாமோ?" என்றாள். அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினாலும், எதற்காக என்று ஒரு வரி எழுதத்தானே வேண்டும்?

பெட்டி இப்போது சென்னையில் என் அலமாரியில் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் அதற்கு ஆகாது. ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு வட்டம் போட்ட குறிப்பேடு அதனுள்ளேயே இருக்கிறது. இரண்டாவது அன்பருக்கு இன்று எழுதிவிடலாம் என்று தாளை எடுத்தேன். பின்மூடியைத் திறந்து வால்வுகளின் மேல் உள்ள எண்களைப் பார்த்து எழுதும்படி கேட்டிருக்கிறேன். விலையை நான் சொல்வதற்கு முன், வேறு இரண்டு பேரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளும்படியும் எழுதியிருக்கிறேன்.